இயற்றுதல் கருத்தா: பூங்கா மானியங்களின் நிபந்தனைகளை வாசித்தல்

மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே உதாரணத்தைச் சொல்லி வந்திருக்கிறேன். அரசனால் கட்டப்பட்டது கோயில்; தச்சனால் கட்டப்பட்டது கோயில். இரண்டிலும் 'ஆல்' உருபு கருத்தாப் பொருளில் வருகிறது. கட்டச் சொன்ன அரசன் ஏவுதல் கருத்தா. கையால் கட்டிய தச்சன் இயற்றுதல் கருத்தா. மாணவிகள் குறித்துக்கொள்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அந்தக் கோயிலை தினமும் கூட்டிப் பெருக்குறவங்க எந்தக் கருத்தா, மேம்?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த உருபுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி எனக்குத் திரும்பி வந்தது வகுப்பறையில் அல்ல, ஒரு பூங்காவின் பூட்டிய கதவுக்கு முன்னால்.

எங்கள் பகுதியில் அரசுப் பணத்தில் ஒரு பூங்கா அமைந்தது. எந்தத் திட்டம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. எட்டுப் போடும் நடைபாதை, நாலைந்து சிமெண்ட் பெஞ்சு, ஊஞ்சல், சறுக்குமரம், ஒரு கழிப்பறை, வாசலில் கருங்கல் பலகை. பலகையில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். எல்லாம் ஏவுதல் கருத்தாக்கள். திறந்து ஓராண்டு ஆவதற்குள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு மனு எங்கள் வீட்டுக்கு வந்தது. சம்பந்தமில்லாதவர்கள் மதியத்தில் பூங்காவில் படுத்துக் கிடக்கிறார்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பில்லை, எனவே காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை பூட்டிவைக்க வேண்டும் என்று நகராட்சியைக் கேட்டுக்கொள்ளும் மனு. என் மகள் சைக்கிள் பழகியது அந்தப் பூங்காவில்தான். பெண்களின் பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டாவது முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பெண்ணியம் பற்றி மேடையில் பேசுகிறவள், கவிதை எழுதுகிறவள், போட்டேன்.

பூங்கா பூட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "ரெண்டு வீட்டு வேலைக்கு நடுவுல ரெண்டு மணி நேரம் கிடக்கு டீச்சர். வீட்டுக்குப் போயிட்டு வரணும்னா அந்த நேரம் பஸ்ஸுலயே போயிடும். அந்த வேப்ப மரத்தடி பெஞ்சுலதான் நாங்க நாலஞ்சு பேரு சோத்தத் தின்னுட்டு கால நீட்டுவோம். இப்பப் பூட்டிட்டாங்க. யாரோ மனு குடுத்தாங்களாம்."

யாரோ. அந்த யாரோவில் நானும் இருந்தேன். அன்றைக்கு அதை அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகுதான், பூங்காக்களுக்கு அரசு தரும் பணம் என்னென்ன நிபந்தனைகளோடு வருகிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கணக்குத் தணிக்கை எனக்குத் தெரியாது. பிரதியை வாசிக்கத் தெரியும். ஒரு மானிய விதிமுறையும் பிரதிதான். அதில் யார் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார், எந்த வினைக்குக் கருத்தா உண்டு, எந்த வினைக்கு இல்லை என்று கேட்கலாம். அப்படி இரண்டு பிரதிகளை வாசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

நிலமும் சம்பளமும் இல்லாத பட்டியல்

முதல் பிரதி நம்முடையது. 2015 ஜூன் 25 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய அம்ருத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள். 500 நகரங்கள், ஐந்து ஆண்டுகள், 50,000 கோடி ரூபாய். குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பிறகு கடைசியாகப் பசுமை வெளிகளும் பூங்காக்களும் வருகின்றன. அவற்றுக்கு மொத்த ஒதுக்கீட்டில் 2.5 சதவீதம் வரை செலவழிக்கலாம். குழந்தைகளுக்கு உகந்த அமைப்புகளுக்குச் சிறப்பிடம் தர வேண்டும் என்ற ஒரு நிபந்தனையும் உண்டு. நல்லது.

ஆனால் இந்தப் பிரதியின் உயிர் 'எவற்றுக்குப் பணம் கிடையாது' என்ற பட்டியலில் இருக்கிறது. நிலம் வாங்கப் பணம் கிடையாது. ஊழியர் சம்பளத்துக்குப் பணம் கிடையாது. ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு வழி சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் செலவு திட்ட மதிப்பீட்டில் சேராது. பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கியோ வேறு வருமானத்திலோ உள்ளாட்சி அமைப்பே அதைச் சமாளிக்க வேண்டும். நகரச் சீர்திருத்தங்களின் வரிசையில், ஆண்டுக்கு ஒரு சிறுவர் பூங்காவாவது அமைக்க வேண்டும் என்றும், பூங்காக்களைப் பராமரிக்க மக்களும் அரசும் தனியாரும் கைகோக்கும் முறை ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது.

ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் சிக்கனமான, பொறுப்பான விதிகள் போலத் தெரியும். மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு உருவம் தெளிகிறது.

நிலம் வாங்க முடியாது என்றால், ஏற்கெனவே நிலம் இருக்கும் இடத்தில்தான் பூங்கா வரும். நகரத்தில் பூங்காவுக்கென்று நிலம் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டு விதிகளின்படி, மனைப்பிரிவு பெரிதாக இருந்தால் அதில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். அதாவது, திட்டமிட்டு மனை போட்டு விற்ற புதிய குடியிருப்புகளில் அந்த நிலம் இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய குடிசைப் பகுதியில், சேரியில், அது இருக்காது. அங்கே ஒரு பூங்கா வேண்டுமென்றால் முதலில் நிலம் வாங்க வேண்டும். நிலம் வாங்கப் பணம் கிடையாது. எந்தத் தெருவையும் பெயர் சொல்லி விலக்காமலே, எந்தச் சாதியையும் குறிப்பிடாமலே, ஒரு நிபந்தனை தன் வேலையை முடித்துவிடுகிறது.

சென்னையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. ஆற்றைச் சீரமைக்கும் திட்டத்தில் கரையோர மரங்களும் நடைபாதைகளும் பூங்காக்களும் அடக்கம். கரை பசுமையாகிறது, கரையில் இருந்தவர்கள் நகரத்தின் தென்கோடியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே வாழ்கிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகரைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். அவள் பதக்கத்தோடு திரும்பிய பிறகு எல்லோருக்கும் கண்ணகி நகர் தெரிந்தது. அதற்கு முன்னால், விளையாட ஓர் இடம் தேடும் ஒரு சிறுமியாக அவளைக் கண்டுகொள்ளும்படி எந்த மானிய நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது?

அடுத்து, சம்பளம் கிடையாது என்ற விதி. பூங்காவைக் கட்டுவது சில மாத வேலை. பிறகு தினமும் கூட்ட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும், கதவைத் திறந்து மூட வேண்டும். முதலாவது மூலதனம், இரண்டாவது வெறும் செலவு. வீட்டிலும் இப்படித்தானே? வீடு கட்டியவர் பெயர் பத்திரத்தில் இருக்கும். அதை முப்பது ஆண்டு கூட்டி மெழுகியவளின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. குடும்பத்துக்குள் நாம் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வரும் இந்தப் பிழையை அரசு தன் நிதி விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. சம்பளத்துக்குப் பணமில்லாத நகராட்சி ஒப்பந்தக்காரரைத் தேடுகிறது. ஒப்பந்தக்காரர் மிகக் குறைந்த கூலிக்கு வரும் பெண்ணைத் தேடுகிறார். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களில் ஏராளமான பெண்கள் இருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விடக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. பூங்காவைப் பற்றிப் பேசும் எவரும் அந்தப் போராட்டத்தை வேறு விஷயம் என்று ஒதுக்க முடியாது.

மூன்றாவதாக, மக்களும் சேர்ந்து பராமரிப்பது என்ற யோசனை. கேட்க இனிமையாக இருக்கிறது. நடைமுறையில் 'மக்கள்' யார்? பதிவு செய்த சங்கம் வைத்திருப்பவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள். என்னைப் போன்றவர்கள். பராமரிப்பை ஏற்கிறவர்கள் கையில் சாவி வந்துவிடும். சாவி வந்ததும் யார் சம்பந்தமுள்ளவர், யார் சம்பந்தமில்லாதவர் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் வந்துவிடும்.

மும்பையின் பொதுவெளிகளை ஆராய்ந்த ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட 'வொய் லாய்ட்டர்?' நூலில் ஒன்றை வலியுறுத்துகிறார்கள்: பொதுவெளியில் இருக்கும் பெண் எப்போதும் தனக்கு அங்கே ஒரு காரியம் இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, காரியமில்லாமல் இருக்கும் உரிமையைத்தான் நாம் கேட்க வேண்டும். எங்கள் பூங்காவின் பெஞ்சில் கால் நீட்டிய பெண்களுக்குக் காரியம் எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவர்கள் யாருக்கும் வேலை செய்யாமல் இருந்தார்கள். அதனால்தான் அவர்கள் எங்கள் கண்ணை உறுத்தினார்கள்.

இல்லாமையிலிருந்து தொடங்கும் பிரதி

இரண்டாவது பிரதி கலிஃபோர்னியாவினுடையது. பூங்கா இல்லாத ஏழைப் பகுதிகளுக்கென்றே 2008இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2018 ஜூனில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 400 கோடி டாலர் கடன் பத்திரத்தில் 65 கோடி டாலருக்கு மேல் இந்தத் திட்டத்துக்குப் போனது. அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. நிபந்தனை என்பதை வேறு விதமாகவும் எழுத முடியும் என்று காட்டவே எடுக்கிறேன்.

அம்ருத், மாநிலங்களுக்குப் பணத்தைப் பிரித்தபோது நகர மக்கள் தொகையையும் நகரங்களின் எண்ணிக்கையையும் பார்த்தது. கலிஃபோர்னியப் பிரதியோ இல்லாமையைக் கேட்டுத் தொடங்குகிறது. ஆயிரம் பேருக்கு மூன்று ஏக்கருக்கும் குறைவான பூங்கா நிலம் உள்ள பகுதியா? அங்கே வாழ்கிறவர்களின் வருமானம் என்ன? பூங்கா வரவிருக்கும் இடத்திலிருந்து அரை மைல் சுற்றளவுக்குள் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். நிலம் வாங்கவும் பணம் தருகிறார்கள். குறைந்தது ஐந்து கூட்டங்களை அந்தப் பகுதிக்குள்ளேயே நடத்தி, பூங்காவில் என்ன இருக்க வேண்டும், எது எங்கே இருக்க வேண்டும், பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் குடியிருப்பவர்களே தீர்மானிக்க வைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. திறந்திருக்கும் நேரத்துக்கு மதிப்பெண் என்ற வரியைப் படித்தபோது எங்கள் வேப்ப மரத்தடி பெஞ்சு நினைவுக்கு வந்தது.

இத்தனை நல்லதையும் ஒப்புக்கொண்ட பிறகு, அதே கேள்வியை இந்தப் பிரதியிடமும் கேட்டேன். யாரால்?

கட்டி முடித்த பூங்காவை முப்பது ஆண்டுக்குப் பராமரிக்கும் பொறுப்பு மானியம் பெற்றவருடையது. அந்தப் பராமரிப்புக்கு மானியத்திலிருந்து ஒரு டாலரும் எடுக்க முடியாது. ஆக, வரிப்பணம் குறைவாக வரும் ஏழை நகரம், பணக்கார நகரம் தரும் அதே முப்பதாண்டு வாக்குறுதியைத் தர வேண்டும். வாக்குறுதி தர முடியாத ஊர், தேவை எவ்வளவு இருந்தாலும், விண்ணப்பிக்கத் தயங்கும். 2015இன் டெல்லியும் 2018இன் கலிஃபோர்னியாவும் எல்லாவற்றிலும் வேறுபட்டு, இந்த ஒன்றில் கைகோத்துக்கொள்கின்றன. கட்டுவதற்குப் பணம் உண்டு. காப்பதற்குக் கிடையாது.

அந்த ஐந்து கூட்டங்களையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறேன். மாலையில், வார இறுதியில், பள்ளிக் கூடத்தில் நாற்காலி போட்டு நடக்கும் கூட்டம். இரண்டு வேலை பார்க்கும் தாய் அதற்கு வர வேண்டும் என்றால் அவள் குழந்தையை யார் பார்ப்பார்? வந்தால் அவள் அறிவை அரசு இலவசமாக எடுத்துக்கொள்கிறது. வராவிட்டால் அவள் இல்லாமலே 'மக்கள் கருத்து' முடிவாகிறது. அதே கூட்டத்துக்கு வரும் பூங்கா வடிவமைப்பாளருக்குச் சம்பளம் உண்டு. பங்கேற்பு என்ற அழகான சொல்லுக்குள் பெண்களின் ஊதியமில்லா நேரம் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

பத்து வயதுக்குப் பிறகு காணாமல் போகிறவர்கள்

நிலம் கிடைத்துவிட்டால் மட்டும் பெண்களுக்கு இடம் கிடைத்துவிடாது என்பதற்கு அதே கலிஃபோர்னியாவில் சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பூங்காக்களில் சிறுவர்களின் பேஸ்பால் குழுக்களுக்கு நல்ல திடல்கள் கிடைத்தன. சிறுமிகளின் சாஃப்ட்பால் குழுவுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. 1998இல் சிறுமிகள் தரப்பில் வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு நகரம் சமரசத்துக்கு வந்து, சிறுமிகளின் விளையாட்டுக்கெனத் தனி ஏற்பாடுகள் செய்தது. உள்ளாட்சிகள் நடத்தும் இளையோர் விளையாட்டில் பால் பாகுபாடு கூடாது என்று 2004இல் மாநிலச் சட்டமே வந்தது. ஏக்கர் கணக்கு இந்த அநீதியைக் காட்டியிருக்காது. எந்தத் திடல், எந்த நேரத்தில், யாருக்கு என்ற பட்டியல்தான் காட்டியது.

வியன்னாவில் இதே உண்மையை வேறு வழியில் கண்டார்கள். 1990களில் அந்த நகரத்தின் பெண்கள் அலுவலகமும், அதில் முன்னின்ற திட்டமிடுநர் ஏவா கைலும், பூங்காக்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியபோது, ஏறக்குறைய பத்து வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவிலிருந்து மறைந்துவிடுவது தெரிந்தது. சிறுவர்கள் மறையவில்லை. இடத்துக்குப் போட்டி வந்தால் சிறுமிகள் ஒதுங்கினார்கள். 1999இல் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே பெரிய ஆடுகளத்தைப் பகுதிகளாக்கினார்கள், ஒற்றை வாசல் இருந்த வேலிக்குப் பல வாசல்கள் வைத்தார்கள், பாதைகளைத் தெளிவாக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பெரிய செலவில்லை. யார் வரவில்லை என்று முதலில் எண்ணிப் பார்த்ததுதான் காரணம்.

நம் ஊர்ப் பூங்காவில் பத்து வயதுக்குப் பிறகு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் நிபந்தனை எதையும் நான் காணவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகள் ஒரு மாலை நேரம் போய் உட்கார்ந்து எண்ணலாம். எத்தனை பெண்கள் நடக்கிறார்கள், எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கழிப்பறை திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா, கூட்டுபவர் யார், அவருக்கு உட்கார இடம் உண்டா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எனக்கு வேண்டிய நிபந்தனைகள்

நிபந்தனைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிபந்தனையில்லாத பணம் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். செயற்கை நீரூற்றும், ஊர்ப் பெயரை வண்ண விளக்கில் எழுதிவைத்த செல்ஃபி மேடையுமாக முடியும். நிபந்தனை என்பது அரசு தன் மனதில் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். அதில் நம்மையும் எழுதச் சொல்ல வேண்டும்.

பூங்காவே இல்லாத பகுதிக்கு முதலில் பணம் போகட்டும். அங்கே நிலம் வாங்கவும் பணம் தரட்டும். மானியத் தொகையில் ஒரு பகுதி, அந்தப் பூங்காவைக் காக்கும் தொழிலாளியின் நிரந்தரச் சம்பளமாக, கட்டுமானச் செலவுக்குச் சமமான மரியாதையோடு, திட்ட மதிப்பீட்டிலேயே வரட்டும். பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுதும் கழிப்பறை திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தவணை கிடையாது என்று எழுதட்டும். பூட்டும் நேரத்தை வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. அங்கே வந்து உட்காருகிறவர்களையும் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் பெண்ணின் நேரத்துக்குக் கூலியும், அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் திட்டச் செலவில் சேரட்டும். பூங்கா திறந்த பிறகு, யார் வருகிறார்கள் என்றல்லாமல் யார் வருவதில்லை என்று ஆண்டுதோறும் எண்ணட்டும்.

இவற்றில் எதுவும் நடக்க முடியாத கனவு இல்லை. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு துண்டுகளாக நடந்திருக்கின்றன. நான் வாசித்த இரண்டு பிரதிகளிலும் காக்கும் உழைப்புக்கு மானியத்திலேயே இடம் இல்லை.

எங்கள் பூங்காவுக்கு நான் புதிதாக ஒரு மனு எழுதினேன். பூட்டைத் திறக்கச் சொல்லும் மனு. ஒரு வாக்கியத்திலும் செயப்பாட்டுவினை வராமல் பார்த்துக்கொண்டேன். 'பூங்கா பூட்டப்பட்டது' என்று எழுதாமல் 'நாங்கள் பூட்டச் சொன்னோம்' என்று எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் கையெழுத்துக் கேட்டபோது, முதல் மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றார். "வாட்ச்மேன் அன்னைக்கே சொன்னாரு. பேப்பர்ல உங்க பேரும் இருந்துச்சாம்."

வேறெதுவும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, மனுவை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். நான் படிக்காமல் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. படித்து முடித்துவிட்டு, "கக்கூஸ் கதவையும் தொறக்கச் சொல்லி ஒரு வரி சேத்துக்குங்க. அதை எழுதாம விட்டுட்டீங்க" என்றார். சேர்த்தேன். அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.